முந்நூற்று எண்பது கெஜம்

பால் லாரி ஓட்டுகிற எம்லின், வண்டியை விட்டுக் கால் கீழே வைப்பதற்குள் வாயைத் திறந்துவிடுகிற ஆள். அன்று கேன்களை ஏற்றி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜனவரி மாதம். வெல்ஷ் மலையிலிருந்து இறங்கிய ஈரக்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசிக் கேனை ஏற்றிச் சங்கிலியை மாட்டிய பிறகு கோட்டுக்குள் கையை விட்டு ஓர் உறையை எடுத்துப் பண்ணைக்காரி டெக்வென்னிடம் நீட்டினான்.

"தபால்ல போட்டா நாளாகும்னு பால் கம்பெனியில என்கிட்டக் குடுத்தாங்க. நான் பிரிச்சுப் பாக்கல."

"பிரிக்காமயே மூஞ்சி இப்படி இருக்கா?"

"இந்த ரோட்டுல பதினேழு பண்ணை. உனக்கு மட்டும்தான் உறை. வேற எப்படி இருக்கும் மூஞ்சி?"

டெக்வென் அங்கேயே நின்று படித்தாள். அவளுடைய பிரின்கயர் பண்ணையின் ஊற்றுத் தண்ணீரை மூன்றாவது முறையாகச் சோதித்ததிலும் கிருமி இருக்கிறது. ஈஸ்டருக்குள் குழாய்த் தண்ணீர் வரவில்லையென்றால் அதற்குப் பிறகு பால் எடுக்கப்பட மாட்டாது. நான்கு வரிதான். கடிதத்தை நாலாக மடித்துத் தலைத்துணிக்குள் செருகிக்கொண்டாள்.

"என்ன செய்யப் போற?" என்றான் எம்லின்.

"முதல்ல மாட்டுக் கொட்டாயைக் கழுவணும். அதுக்குத் தண்ணி கொண்டாரணும்."

அவளுக்கு வயது நாற்பத்தேழு. பதினெட்டுக் கறவை மாடு, நூறு சொச்சம் ஆடு. அக்டோபரில் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து புருஷன் மெய்ரிக்கின் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து எல்லா வேலையும் அவள் தலையில்தான். மெய்ரிக் இப்போது இரண்டு கட்டைகளை ஊன்றி அடுப்படியிலிருந்து வாசல்வரை வருவான். வந்து நின்று, அவள் செய்கிற எல்லாவற்றையும் தான் வேறு விதமாகச் செய்திருப்பேன் என்று சொல்வான்.

கோடையிலிருந்தே ஊற்றுத் தண்ணீரில் ஒரு வாடை. அதனால் தினமும் கறவை முடிந்ததும் நான்கு காலிக் கேன்களை டிராக்டரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு கீழே போவாள். பாலத்தைத் தாண்டி ஒன்றேகால் மைல். ஜெபக்கூடத்து வீட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டு திரும்ப ஏற வேண்டும். வழியில்தான் டோல்கோய்ட் பண்ணை. அங்கே ரோட்டை ஒட்டியே, பனிக்குச் சாக்குச் சுற்றிய ஒரு குழாய் நிற்கிறது. அந்தக் குழாயைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் வர வேண்டும். பன்னிரண்டு வருஷமாக பிரின்கயர் வீட்டார் யாரும் அதைத் தொட்டதில்லை.

டோல்கோய்ட், மெய்ரிக்கின் அண்ணன் கெத்தின் வாட்கின்னுடைய பண்ணை. கெத்தின் அந்த ஊருக்கான கவுன்சிலர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் நான்ட்டைலோ கிராமப்புற மாவட்டக் கவுன்சில் பள்ளத்தாக்கு முழுக்கக் குழாய் போட்டது. குழாய் வீடு வீடாக ஏறி வந்து டோல்கோய்ட் முற்றத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேலே இருந்தது தம்பி வீடு ஒன்றுதான். பிரின்கயருக்கு நீட்டுவதா என்று ஓட்டெடுப்பு வந்த அன்று கெத்தின் எழுந்து அறையை விட்டு வெளியே போய்விட்டார். ஒரே ஓட்டில் தோற்றது. அந்த இலையுதிர் காலத்தில் அவர்கள் அம்மா இறந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் டீயும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெய்ரிக் அண்ணன் முன்னால் போய் நின்று, "உன் மாடு குடிச்சாப் போதும், இல்ல?" என்று கேட்டான். கெத்தின் தட்டை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதோடு பேச்சு நின்றது.

டெக்வென் அன்று கடிதத்தை மேசைமேல் வைத்தாள். மெய்ரிக் படித்தான்.

"மாட்டை வித்துட்டு ஆடு மட்டும் வெச்சுக்கலாம்," என்றான்.

"ஆடு மாசாமாசம் காசோலை அனுப்புமா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? கவுன்சிலே இன்னும் ரெண்டு மாசத்துல செத்துரும். ஏப்ரல் ஒண்ணாந்தேதி கதவைச் சாத்துறாங்க. அப்புறம் எல்லா மாவட்டத்தையும் சேத்துக் கடற்கரைல ஒரு ஆபீஸ். அங்கப் போய் பிரின்கயர்னா, அது எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு கேப்பான்."

"அதுக்குள்ள வாங்கணும்."

"யார்கிட்ட? அவன்கிட்டயா?"

"கவுன்சில்கிட்ட."

"கவுன்சில்னா இந்த ஊருக்கு அவன்தான்."

டெக்வென் பானையில் இருந்த ஆட்டுக்கறிக் குழம்பில் லீக் வெங்காயத்தை அரிந்து போட்டாள். அவள் அரிகிற வேகத்தைப் பார்த்து மெய்ரிக் கடிதத்தை மடித்து வைத்தான்.

செவ்வாய்க்கிழமை சந்தை நாள். எம்லினின் லாரியிலேயே ஏறி லானவெல்லுக்குப் போனாள். கவுன்சில் ஆபீஸ் பழைய ஏழை விடுதிக் கட்டடத்தில் இருந்தது. ஒரு காலத்தில் கஞ்சிக்கு வழியில்லாதவர்களை அடைத்து வைத்துக் கல் உடைக்கச் சொன்ன இடம். சுவர் அப்படியேதான் இருக்கிறது, ஜன்னலை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். சர்வேயர் இட்வால் ப்ரோபர்ட்டின் அறையில் தரை தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் தோல் அட்டைப் புத்தகங்களும் டீ வந்த மரப்பெட்டிகளும்.

"மிதிச்சிராதீங்க மிஸஸ் வாட்கின். உங்க கால் கிட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம் கிடக்கு."

அவருக்கு அறுபத்து நான்கு. கவுன்சிலோடு சேர்ந்து அவரும் ஓய்வு பெறுகிறார். வந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு பெட்டியின்மேல் இருந்த தட்டை நகர்த்தி உட்காரச் சொன்னார்.

"இதெல்லாம் எங்க போகுது?" என்று டெக்வென் கேட்டாள்.

"ஆவணக் காப்பகத்துக்கு. எண்பது வருஷம். ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி நாலுல பதினாலு ஊரைச் சேத்துக் கட்டி நான்ட்டைலோன்னு பேர் வெச்சாங்க. அதுக்கு முன்ன இந்த விடுதியை நடத்துன அதே ஆளுங்கதான், அதே மேசைதான். போர்டு மட்டும் புதுசு. முதல் கூட்டத்துல முதல் விஷயம் என்னன்னு நினைக்கிறீங்க? பள்ளிக்கூடத்துக் கிணத்துல ஒரு செத்த நாய். அதை எடுக்கறது யார் பொறுப்புன்னு ரெண்டரை மணி நேரம் பேசியிருக்காங்க."

"எடுத்தாங்களா?"

"அடுத்த மாசம்." ப்ரோபர்ட் சிரிக்கவில்லை. "முப்பத்தஞ்சுல பக்கத்துல இருந்த குட்டி மாவட்டத்தை நாங்க முழுங்கினோம். அவங்க கிளார்க் இதே அறைல நின்னு அழுதாராம். இப்ப நம்ம முறை. எண்பது வருஷமா நாங்க பாத்தது ரெண்டே சமாச்சாரம்தான். குடிதண்ணி, சாக்கடை. ஒண்ணோட ஒண்ணு கலக்காமப் பாத்துக்கிட்டோம்."

"எங்க வீட்டை விட்டுட்டீங்க."

"விட்டுட்டோம்," என்றார் அவர். "எனக்கு அது ஞாபகம் இருக்கு."

எழுந்து போய் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்து, முட்டியில் வைத்துப் புரட்டினார். பேச்செல்லாம் வெல்ஷில் நடந்தாலும் எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒரு பக்கத்தில் விரலை வைத்து அவள் பக்கம் திருப்பினார். தண்ணீர்க் கமிட்டி, ஏப்ரல் 1962. குழாயை டோல்கோய்ட்டுக்கு மேலே பிரின்கயர் வரை நீட்ட வேண்டும். முன்மொழிந்தவர்: கவுன்சிலர் கெத்தின் வாட்கின்.

டெக்வென் இரண்டு தடவை படித்தாள்.

"இவரா? இவரா கொண்டாந்தாரு?"

"கமிட்டியில நாலு பேர். மத்த மூணு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. நான் ஓரத்துல உக்காந்து பென்சில் சீவிக்கிட்டிருந்தேன். அரை மணி நேரம் சண்டை போட்டு வாங்கினாரு. ஜூன்ல பெரிய கூட்டத்துக்கு வந்தப்ப, இதுல யாருக்காவது சொந்த சம்பந்தம் உண்டான்னு சேர்மன் வழக்கம்போலக் கேட்டாரு. இவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு."

"போகணும்னு சட்டமா?"

"புருஷன் பொண்டாட்டின்னாப் போகணும். தம்பிக்கெல்லாம் அந்தச் சட்டம் கிடையாது. யாரும் போகச் சொல்லல. தானாப் போனாரு."

வெளியே சந்தையில் ஆடுகள் கத்துவது கேட்டது. ப்ரோபர்ட் குரலைத் தாழ்த்தினார்.

"கேளுங்க. கொட்டகைல நானூறு கெஜம் கறுப்புக் குழாய் சுருள் சுருளாக் கிடக்கு. வேற ஊருக்குன்னு வாங்கினது, அங்க வேண்டாம்னுட்டாங்க. உங்க வீட்டுக்கு முந்நூத்து எண்பது. மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் அது நம்ம குழாய். மறுநாள் புது ஆணையத்தோட குழாய். பிப்ரவரி இருபதாம் தேதி கூட்டம். விஷயம் பட்டியல்ல ஏறணும்னா உங்க ஊர்க் கவுன்சிலர் கையெழுத்து வேணும். நான் போட முடியாது, நீங்களும் போட முடியாது."

அன்று வீட்டுக்கு நேராகப் போகவில்லை. டோல்கோய்ட் வாசலில் லாரியை நிறுத்தச் சொன்னாள். எம்லின் பிரேக்கை மிதித்துவிட்டு, "இங்கயா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

கெத்தின் கொட்டகையில் ஒரு சினை ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது. பெண்டாட்டி போய் ஐந்து வருஷம். சட்டைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு, ஆட்டுக் கொட்டகையிலும் ஜெபக்கூடத்தில் நிற்பவர் போலவே நிற்கிற மனிதர். அவளைப் பார்த்ததும் கத்தியை மடக்கினார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. கையெழுத்து வேணும்."

கடிதத்தைக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போடறேன். ஆனா ஓட்டெடுப்பு வரப்ப நான் வெளிய போயிருவேன். அது மொறை."

"யார் வெச்ச மொறை?"

"சட்டம்."

"தம்பிக்கு அந்தச் சட்டம் கிடையாதாம். புஸ்தகத்தைப் பாத்துட்டுத்தான் வரேன். ஏப்ரல் மாசம் நீங்க கொண்டாந்ததையும் பாத்தேன்."

கெத்தின் ஆட்டின் முதுகில் கையை வைத்தபடி நின்றார்.

"ஏன் சொல்லல நீங்க? பன்னெண்டு வருஷம்."

"எல்லார் முன்னாடியும் கேட்டான். அம்மாவைப் புதைச்ச மண்ணு இன்னும் பூட்ஸ்ல இருந்துச்சு. அவனுக்கு நான் கணக்கு ஒப்பிக்கணுமா?"

"சரி, ஒப்பிக்க வேண்டாம். ஏன் எந்திரிச்சுப் போனீங்க?"

"நான் உக்காந்து கை தூக்கி அது ஜெயிச்சிருந்தா, கவுன்சிலரா இருந்துக்கிட்டுத் தன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் குழாய் போட்டுக்கிட்டான்னு பாலத்துக்குக் கீழ இருக்கறவன் எல்லாம் பேசியிருப்பான். எங்கப்பா பேரும் சேந்து கெட்டிருக்கும். ஜெயிக்கும்னு நினைச்சுத்தான் போனேன். எண்ணி வெச்சிருந்தேன். ஒருத்தன் மாறிட்டான்."

"உங்க பேரு சுத்தமா இருந்துச்சு. எங்க தண்ணிதான் அழுக்கா இருக்கு."

அவர் முகம் சிவந்தது. டெக்வென் விடவில்லை.

"போன கோடையிலேர்ந்து எத்தனை தடவை உங்க வாசலைத் தாண்டிக் கேனைக் கொண்டு போயிருக்கேன்? நீங்க ஜன்னல்ல நின்னு பாக்கறது எனக்குத் தெரியாதா?"

"நிறுத்தி இங்கயே பிடிச்சிருக்கலாம். யார் வேண்டாம்னா?"

"யாரு பிடின்னு சொன்னா?"

அவர் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். வெளியே போவேனா மாட்டேனா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் மெய்ரிக் புத்தகத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுப்புக் கரியைக் கிளறினான். "கொண்டாந்தானா? கொண்டாந்தவன் எதுக்கு வெளிய போய் நின்னான்? பெத்தவனே பிள்ளையை நடுரோட்டுல விட்டுட்டுப் போன மாதிரி," என்றான். அவன் கோபம் தீரவில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று அதற்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

பிப்ரவரி இருபது, புதன்கிழமை. நீண்ட மேசையைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்சுவர் ஓரமாகப் பார்வையாளர் பெஞ்சு. அதில் டெக்வென் மட்டும். சேர்மன் டெல்வின் பவல் பிரிவுபசார டீயைப் பற்றியும் போட்டோ எடுப்பதைப் பற்றியும் நாற்பது நிமிஷம் நடத்தினார். படிக்கட்டில் யார் எந்த வரிசையில் நிற்பது என்பதில் ஒரு சின்னத் தகராறு. பதினொன்றாவதாக பிரின்கயர் வந்தது.

"இதுல யாருக்காவது சொந்த சம்பந்தம் உண்டா?"

எல்லாத் தலைகளும் கெத்தின் பக்கம் திரும்பின. அவர் இரண்டு கையையும் மேசையில் வைத்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். டெக்வென் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்தார். வெளியே போகவில்லை.

"உண்டு," என்றார். "எனக்குச் சம்பந்தம் உண்டு. அது என் தம்பி வீடு. போன தடவை எந்திரிச்சுப் போனேன். இந்தத் தடவை போகல. அதைப் பத்திப் பேசறவங்க பேசிக்கலாம். நான் இதை முன்மொழியறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரோ இருமினார்கள்.

பாலத்துக்குக் கீழே ஆற்றோரத்து ஊரின் கவுன்சிலர், ஒரு கறிக்கடைக்காரர், கையைத் தூக்கினார். "ஒரு வீடு. ஒரே ஒரு வீடு. குழாய் இருக்கு, சரி. தோண்டறது யாரு? நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் புது வேலைக்குப் போயாச்சு. டீசல் தட்டுப்பாட்டுல தோண்டற மெஷின் மே மாசம் வரைக்கும் கிடையாதுங்கறான். தீர்மானம் போட்டுட்டுப் போனா குழாய் என்ன தானா நடந்து போகுமா?"

"நான் தோண்டறேன்," என்றாள் டெக்வென்.

சேர்மன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பார்வையாளருங்க கூட்டத்துல பேசக் கூடாது அம்மா."

"நான் பேசல. தோண்டறேன்னுதான் சொன்னேன்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. பதினொன்றுக்கு ஒன்பது. தீர்மானம் நிறைவேறியது. மூன்றடி ஆழத்தில் பள்ளம் மார்ச் இருபத்தொன்பதுக்குள் தயாராக இருந்தால் கவுன்சில் குழாயைப் பதித்துக் கொடுக்கும். இல்லையென்றால் இல்லை.

வெள்ளிக்கிழமை ப்ரோபர்ட் வந்து, டோல்கோய்ட் முற்றத்திலிருந்து இரண்டு வயல் வழியாக பிரின்கயர் பால்கொட்டகை வரை மரக்குச்சிகளை அடித்துக் கயிறு கட்டினார். "ஒரு அங்குலம் குறைஞ்சாலும் பனி இறங்கித் தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சிரும். அளக்கறப்ப தாட்சண்யம் பாக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெக்வென் தன் வீட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். விடிகாலை நான்கரைக்கு எழுந்து கறவை. கேன்களை ரோட்டோரம் லாரி வந்து எடுக்கிற பலகைமேல் வைத்து, தண்ணீர் கொண்டுவந்து, கொட்டகை கழுவி, ஒன்பது மணிக்கு மண்வெட்டியை எடுப்பாள். மேல்மண் ஒரு சாண். அதற்குக் கீழே நீலக் களிமண். களிமண் முழுக்கக் கல். கடப்பாரையால் நெம்பி, கையால் எடுத்து வெளியே போட வேண்டும். முதல் நாள் ஏழு கெஜம். இரண்டாம் நாள் மழை பெய்து ஏழில் இரண்டு சரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை கீழே இன்னொரு கடப்பாரைச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். டோல்கோய்ட் வேலிக்கு அந்தப் பக்கம் கெத்தின் கோட்டைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, கழுத்துப் பொத்தானோடு தோண்டிக்கொண்டிருந்தார்.

மெய்ரிக்கும் கட்டைகளை ஊன்றி வந்து நின்றான். "அவன் எதுக்கு?" என்றான்.

"அவர் வயல்தானே. தோண்டறாரு."

மெய்ரிக் உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்து வந்தான். பள்ளத்து ஓரத்தில் அதைப் போட்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவள் வெட்டிப் போட்ட மண்ணிலிருந்து கல்லைப் பொறுக்குவது அவன் வேலை. குழாய்மேல் கல் அழுத்தினால் ஓட்டையாகிவிடும். நல்ல மண்ணை வலப்பக்கமும் கல்லை இடப்பக்கமுமாகப் பிரித்துப் போடுவான். முடித்துவிட்டு, உட்கார்ந்தபடியே சாக்கோடு அடுத்த கெஜத்துக்கு நகர்வான். முதல் வாரம் முடிவதற்குள் அவன் விரல் நுனியெல்லாம் பிளந்துவிட்டது.

மதியம் ஒரு தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுவருவாள். கெத்தின் தன் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்பார். பத்தாவது நாள் அவள் ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி, கேட்காமல் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி," என்று கத்தினார்.

நூறு கெஜம் தள்ளி சாக்கில் உட்கார்ந்திருந்த மெய்ரிக்குக் காது நன்றாகக் கேட்கும். "உப்பு கம்மின்னா அவன் வீட்டுலயே ஆக்கித் திங்கச் சொல்லு," என்றான்.

"கல்லை ஒழுங்காப் பொறுக்கச் சொல்லு. முந்தாநாள் பொறுக்கின இடத்துல முட்டை முட்டையாக் கிடக்கு," என்றார் கெத்தின்.

"நான் பொறுக்கினதைக் குத்தம் சொல்றதுக்கு முந்தி அவன் வெட்டினது நேரா இருக்கான்னு பாக்கச் சொல்லு. பாம்பு போன மாதிரி இருக்கு."

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்றாள் டெக்வென். ஆனாலும் அடுத்த நாளும் தபால் போய்க்கொண்டுதான் இருந்தது.

மார்ச் நடுவில் பனி விழுந்தது. அதே வாரம் கெத்தினின் ஆடுகள் குட்டி போட ஆரம்பித்தன. அவர் ஒரு மணி நேரம் தோண்டுவார், கொட்டகைக்கு ஓடுவார், கையில் ரத்தத்தோடு திரும்பி வந்து கடப்பாரையைப் பிடிப்பார். அவளுடைய ஆடுகளும் போட்டன. இரண்டு குட்டி செத்தது. நின்று வருத்தப்பட நேரமில்லை. அடுப்படியில் ஒரு பெட்டியில் மூன்று குட்டிகள் கிடந்தன, மெய்ரிக் அவற்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துவிட்டுத்தான் சாக்குக்கு வருவான்.

நடு வேலியருகே பாறை தட்டியது. சுற்றி வளைக்க இரண்டு நாள் போயிற்று. இருபத்து நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டெக்வென் நின்று அளந்து பார்த்தாள். எழுபது கெஜம் பாக்கி. இருப்பது ஐந்து நாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை துணிகூடக் காயப்போட மாட்டார்கள். அவள் காலை ஆராதனைக்குப் போகவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். மெய்ரிக் வாசலில் நின்றான். "மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் ஜெபக்கூடத்துக்கு இந்த வழியாத்தான் போவாங்க," என்றான்.

"போகட்டும். கண்ணு இருக்கறவங்க பாக்கட்டும்."

பத்து மணிக்குக் கறுப்பு உடுப்பில் ஒவ்வொருவராக ரோட்டில் போனார்கள். இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி நின்று பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள். பிறகு கெத்தின் டோல்கோய்ட் வாசலில் இருந்து வந்தார். அவர் ஜெபக்கூடத்து மூப்பர்களில் ஒருவர். கையில் பாட்டுப் புத்தகம். வேலியருகே வந்து நின்றார். பள்ளத்துக்குள் மண் அப்பிய முகத்தோடு நிமிர்ந்த தம்பி பெண்டாட்டியை அவர் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் கறவைக்கு எழுந்தபோதே கீழே கடப்பாரைச் சத்தம் கேட்டது. இன்னும் வெளுக்கவில்லை. வேலிக் கம்பத்தில் ஒரு லாந்தர் தொங்கிக்கொண்டிருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. லானவெல்லில் பிரிவுபசார டீ. இரண்டு மணிக்குப் படிக்கட்டில் போட்டோ. பதினொரு மணிக்கு கவுன்சில் லாரி குழாய்ச் சுருள்களோடு மலையேறி வந்தது. இரண்டு ஆட்களோடு ப்ரோபர்ட் இறங்கினார். நல்ல கோட்டு, கழுத்தில் டை, அதற்குமேல் ரப்பர் பூட்ஸ். கையில் மூன்றடிக் கோல். ஒவ்வொரு ஐந்து கெஜத்துக்கும் கோலை இறக்கி அளந்துகொண்டே வந்தார். இரண்டு இடத்தில் நின்று, "இங்க ரெண்டு அங்குலம்," என்றார். டெக்வென் இறங்கி வெட்டினாள். கடைசியில் பாறைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்க?"

இன்னும் எட்டு கெஜம் தோண்டாமல் கிடந்தது. கெத்தின் பள்ளத்துக்குள் மண்வெட்டியில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்," என்றாள் டெக்வென்.

"தீர்மானத்துல இருபத்தொன்பதுன்னு இருக்கு. மணி போடல." ப்ரோபர்ட் கோட்டைக் கழற்றினார். "கெத்தின், ரெண்டு மணிக்கு போட்டோ. உனக்கு முன்வரிசை போட்டிருக்காங்க."

"உனக்கு?"

"சேர்மனுக்குப் பின்னாடி."

"அங்க நின்னா உன் தொப்பிதான் தெரியும்," என்று சொல்லிவிட்டு கெத்தின் குனிந்து வெட்ட ஆரம்பித்தார். ப்ரோபர்ட் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் லாரியிலிருந்து மண்வெட்டிகளை எடுத்தார்கள். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவரும் இறங்கினார். அந்தப் போட்டோ இன்றைக்கும் லானவெல் நூலகத்தில் மாட்டியிருக்கிறது. முன்வரிசையில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலி.

நான்கரை மணிக்குப் பள்ளம் ஒன்று சேர்ந்தது. குழாயை இறக்கி, மெய்ரிக் பொறுக்கி வைத்த மண்ணை அதன்மேல் மெத்தைபோலப் பரப்பினார்கள். மறுநாள் சனிக்கிழமை மதியம் வரைக்கும் குழாய்களை இணைக்கிற வேலை நடந்தது. மாலை நான்கு மணி வாக்கில் எல்லாம் தயார். டோல்கோய்ட் முற்றத்தில் தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வின் சாவியோடு கெத்தினும் ஆட்களும். மேலே பால்கொட்டகையில் புதுப் பித்தளைக் குழாய்க்கு முன்னால் டெக்வென்னும் மெய்ரிக்கும் ப்ரோபர்ட்டும். ப்ரோபர்ட் வெளியே போய்க் கைக்குட்டையை ஆட்டினார்.

குழாய் இருமியது. காற்றுத்தான் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. டெக்வென் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது செருமியது, காறியது, காவி நிறத்தில் ஒரு கை அளவு துப்பியது. மறுபடி காற்று. அதன் பிறகு ஒரே மூச்சில் பீய்ச்சிக்கொண்டு வந்தது. முதலில் சேறு, பிறகு டீ நிறம், பிறகு நிறமே இல்லாத தண்ணீர். சிமெண்ட் தரையில் அடித்து அவள் பூட்ஸ்மேல் தெறித்தது. அவள் கையை நீட்டினாள். விரல் மரத்துப்போகிற குளிர்ச்சி. கையை எடுக்கவில்லை.

"வால்வுல ஒழுகுதான்னு பாக்கணும். வந்திருச்சுன்னு கீழ சொல்லணும், அவங்க அழுத்தத்தைக் குறைக்கணும்," என்றார் ப்ரோபர்ட். வெளியே போக அடி எடுத்து வைத்தார்.

மெய்ரிக் அவரைத் தாண்டிப் போனான். ஒரு கட்டையை அங்கேயே சுவரில் சாய்த்து விட்டுவிட்டு, மற்றொன்றை ஊன்றி, முற்றத்தைக் கடந்து சரிவின் விளிம்பில் போய் நின்றான். இரண்டு வயலுக்குக் கீழே ஓர் ஆள் சின்னதாகத் தெரிந்தார்.

"கெத்தின்!"

சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கிப் போயிற்று. கீழே நின்றிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"கெத்தின்! வந்திருச்சு! தண்ணி வந்திருச்சுடா!"

"கேக்குது!" என்று குரல் ஏறி வந்தது. "கலங்கலா இருக்கா?"

"தெளிஞ்சிருச்சு!"

"நல்லா ஓட விடு! அவசரப்பட்டு மூடிராத!"

"எனக்குத் தெரியும்!"

"உனக்கு என்ன தெரியும்!"

ப்ரோபர்ட் கொட்டகைச் சுவரில் வரைபடத்தை வைத்து, பென்சிலால் டோல்கோய்ட்டிலிருந்து பிரின்கயர் வரை ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தேதியைப் போட்டார். முப்பது, மூன்று, எழுபத்து நான்கு. அந்தக் கவுன்சிலுக்கு இன்னும் ஒரு நாள் ஆயுள் பாக்கி இருந்தது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. "இதுக்கு மேல இதுல வரைய ஒண்ணும் இல்ல," என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வெளியே அண்ணனும் தம்பியும் வால்வை எத்தனை சுற்றுத் திருப்புவது என்று இரண்டு வயல் தூரத்துக்குக் கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கறவை நேரம் தாண்டிவிட்டது. மடி கனத்த மாடுகள் வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. டெக்வென் வாளியைக் குழாயடியில் வைத்தாள். அது நிறைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நின்று பார்த்துவிட்டு, தூக்கிக்கொண்டு முதல் மாட்டிடம் போனாள்.